குப்பைத்தொட்டிகளுக்குப் பின்புறச் சுவர்

டீயில் பாலை முதலில் ஊற்றிவிட்டீர்கள். பரவாயில்லை, குடிக்கிறேன். போலீஸ் நிலையத்து டீ இதைவிட மோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, கண்ணு? கேட்கிறீர்கள், சொல்கிறேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

பெயர் கிளெண்டா அவுத்வெய்ட். லீட்ஸில் கால்வாய் ஓரத்தில் டென்டர் கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காம் மாடி வீடு என்னுடையதாக இருந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் தலைவி. வேறு யாரும் போட்டியிட முன்வராததால் வருடா வருடம் ஏகமனதாக என்னையே தேர்ந்தெடுப்பார்கள். கிறிஸ்துமஸ் விளக்கு மாட்டுவது, யார் தொட்டியில் யார் குப்பையைப் போட்டார்கள் என்ற பஞ்சாயத்தைத் தீர்ப்பது, புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு எலுமிச்சை கேக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. என் கேக்கை வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

முழங்கால் தகராறு ஆரம்பித்ததும் வீட்டை விற்றுவிட்டு ஃபைலி என்ற கடலோர ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மாடியே இல்லாத ஒரு சின்ன வீடு. தோட்டத்தில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். பார்த்த அன்றே மனதைப் பறிகொடுத்துவிட்டேன். அந்த வீட்டுக்காரரும் நல்லவர், என் வீடு விற்கும்வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் தகடு விவகாரம் வந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் எரிந்து நாட்டையே உலுக்கிய அந்தத் தீ விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு கட்டடமாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கட்டடத்துக்கு அழகாகச் சட்டை மாட்டிவிட்டது போல வெளியே தகடு போர்த்தியிருந்தார்கள். தகட்டின் நடுவில் பிளாஸ்டிக் இருக்கலாம், தீப்பிடித்தால் கட்டடம் முழுவதும் பற்றிக்கொள்ளும் என்றார்கள். திறந்து பார்த்து நிபுணர் ஒருவர் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்த வங்கியும் எங்கள் வீடுகளுக்குக் கடன் கொடுக்காது. கடன் இல்லாமல் யார் வாங்குவார்கள்? என் வீட்டை வாங்க வந்த பல் மருத்துவர் ஒருவர், வங்கி மதிப்பீட்டாளர் வீட்டின் விலை பூஜ்யம் என்று சொன்னதும் வருத்தம் தெரிவித்துவிட்டு ஓடிப்போனார். அடுத்து ஒரு நர்ஸ் வந்தாள், அவளுக்கும் அதே கதை. பூஜ்யமாம். நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வீடு.

இதற்கிடையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆட்களைக் காவலுக்கு அமர்த்தினார்கள். புகை தெரிந்தால் ஊதுவதற்குக் கையில் ஊதுகுழலோடு மாடி மாடியாக நடப்பார்கள். ஊதினால் எல்லாரும் உடனே இறங்கி ஓடிவிட வேண்டும். அவர்களுக்கான சம்பளம் எங்கள் தலையில்தான் விழுந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எங்கள் வீடு எரியவே இல்லை, அதற்குள் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நான் சொல்வேன். கூட்டத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இனி ஏழாம் மாடி வின்ஸ்டன் பிரேத்வெய்ட் பற்றிச் சொல்ல வேண்டும். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் குப்பை லாரி பின்னோக்கி வந்து, தொட்டிகள் நிற்கும் பக்கத்துச் சுவரில் மோதியபோது ஜன்னலில் நின்று பார்த்தவர். அந்த டிரைவரை அவர் கிண்டல் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. நசுங்கிய தகடுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். வேலை செய்தவன் எனக்குத் தட்டிக்கூடக் காட்டினான். "பழைய சரக்கு இப்ப வர்றதில்லீங்க. இது முழு அலுமினியம், பின்னாடி பிளாஸ்டிக் நுரை இல்ல, கல்லை உருக்கி நூத்த கல் கம்பளி. தீக்குச்சியப் பெட்டியோட கொளுத்தி வெச்சாலும் எரியாது" என்றான். நல்ல பையன், இரண்டு துண்டு கேக் சாப்பிட்டான்.

நிபுணர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் வின்ஸ்டன் என் கதவைத் தட்டினார்.

"கிளெண்டா, அந்த லாரி இடிச்ச இடம் மட்டும் வேற தகடு. அத அவர்கிட்ட சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நீங்களே சொல்லுங்க வின்ஸ்டன், உங்களுக்குத்தான் விவரமாச் சொல்ல வரும்."

"என்னிக்கு வர்றாரு?"

"வியாழக்கிழமை."

அவர் வந்தது செவ்வாய்க்கிழமை. கிழமை மாறிப்போவது யாருக்கும் நடப்பதுதான்.

ஹியூகோ பிரெண்டிஸ் என்று பெயர். இளைஞர், சிவந்த காதுகள், சகதி ஒட்டாத புது பூட்ஸ். மேல் மாடிகளைத் திறந்து பார்க்க, ஆளை மேலே தூக்கும் வண்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை நிறுத்த முன்பக்கத்தில் கார்களை நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தச் சொல்லி அறிவிப்பு ஒட்ட வேண்டியவள் நான், மறந்துவிட்டேன். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. பாவம், மனிதர் நனைந்துகொண்டே நின்றார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

"மேடம், சும்மா கேக்கறேன், தரையிலேர்ந்து எட்டற மாதிரி எங்கயாவது திறந்து பாத்தாப் போதுமா? முன்பக்கம் ஓட்டை போட்டா அசிங்கமா இருக்கும்னு உங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்களோ?"

கவனியுங்கள், கேட்டவர் அவர். அதுவரை நான் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு கையில் கேக் தட்டு இருந்தது, இன்னொரு கையால் காட்டினேன்.

"குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி போட்டுக்கோங்க, கண்ணு. அங்க யாரு பாக்கப்போறா?"

ஒன்றுக்கு மூன்றாகத் துளை போட்டார், மூன்றும் அந்தச் சுவரிலேயே. கல் கம்பளியைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. கெட்ட செய்தி சொல்வது அவருக்கும் பிடிக்காது போல. மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

வியாழக்கிழமை வின்ஸ்டன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வாசல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பாவம், மத்தியானம்வரை.

சான்றிதழ் வந்த அன்று கூடத்தில் விருந்து வைத்தோம். சுவரில் ஜரிகைத் தோரணம், பாட்டு, ஆட்டம். ஆரஞ்சுச் சட்டைக்காரர்களுக்குக் கைகொடுத்து விடைகொடுத்தோம். 'சத்தம் கேட்டால் ஓடுங்கள்' என்ற அறிவிப்பை நானே நாற்காலி மேல் ஏறிக் கழற்றிவிட்டு, 'வேறு வீட்டில் தீப்பிடித்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற புது அறிவிப்பை மாட்டினேன். பாதுகாப்பான கட்டடத்துக்கு அதுதான் விதி. வின்ஸ்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"லாரி விஷயத்தச் சொன்னியா?"

"அவர் கேக்கலையே."

"கேக்கலேன்னா? கிளெண்டா, நாம இருக்கறது அந்தப் பழைய தகட்டுக்குள்ளதானே?"

"வலியப் போய்ச் சொல்லி ஒரு மனுஷனச் சங்கடப்படுத்தறது எனக்குப் பழக்கமில்ல. அந்தப் பக்கம் பாருங்க, மூணாம் மாடி மோரீன் ரெண்டு வருஷத்துக்கப்புறம் ஆடறா. போய்ப் பாட்டை நிறுத்திச் சொல்றதுன்னா சொல்லுங்க. நான் தடுக்கல."

அவர் மோரீனைப் பார்த்தார். கையிலிருந்த கேக்கைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு மாடியேறிப் போனார். எங்கள் ஊரில் மனிதன் எதை வேண்டுமானாலும் செய்துவிடுவான், விருந்தைக் கெடுக்க மட்டும் அவனுக்கு மனம் வராது. பிறகு நிர்வாகக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாராம். சான்றிதழ் இருக்கிறதே என்று பதில் வந்ததாம். சரிதானே, இருந்ததே.

அடுத்து என் வீட்டைப் பார்க்க ஜோடி என்ற பெண்ணும் அவள் கணவன் கேலமும் வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்தான். ஜோடிக்கு என் வரவேற்பறை ஜன்னல் பிடித்துப்போயிற்று. கெட்டிக்காரப் பெண், நேராகவே கேட்டாள்.

"அந்தத் தகடு பிரச்சினை இங்க ஏதாவது இருக்கா, கிளெண்டா?"

"அதெல்லாம் பாஸாயிடுச்சு, கண்ணு. இல்லேன்னா வங்கி கொடுக்குமா?"

வங்கி கொடுத்தது. கடன் கிடைத்துவிட்டது என்று ஜோடி போனில் அழுதாள், நானும் அழுதேன். திரைச்சீலைகளை அவளுக்கு இனாமாகவே விட்டுவிட்டேன், புதுக் கெட்டிலையும் வைத்துவிட்டு வந்தேன். எதுவானாலும் என்னைக் கூப்பிடு என்று நம்பர் கொடுத்தேன். கூப்பிடுவாள். வெந்நீர் வரவில்லை, எந்தத் தொட்டி எந்தக் கிழமை, சின்ன அறைக்கு மஞ்சள் அடிக்கலாமா, பையனா பெண்ணா என்று இன்னும் தெரியாதே என்று. பெற்ற தாயிடம்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டாள்.

மே மாத விடுமுறைத் திங்கட்கிழமை. ஃபைலியில் நல்ல வெயில். தோட்டத்தில் பட்டாணிப் பூச்செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"கிளெண்டா, ரெண்டாம் மாடி பால்கனில யாரோ கறி சுட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப ஜன்னல் வழியாப் புகை வருது. கேலம் மேட்ச் பாக்கப் போயிருக்கான். நான் இறங்கிடவா?"

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். 'இறங்கு, ஓடு' என்று நான் சொல்லியிருந்தால் என்ன அர்த்தம்? அந்தச் சுவர் எனக்குத் தெரியும் என்று அர்த்தம். தெரிந்தேதான் விற்றேன் என்று அர்த்தம். மாசமாக இருக்கிற ஒரு பெண்ணின் மனதை அப்படி உடைப்பது நியாயமா? அப்புறம், ஃபைலி வீடு? அறிவிப்பில் என்ன எழுதியிருந்ததோ, அதைத்தான் நான் சொன்னேன்.

"உள்ளயே இரு, கண்ணு. ஜன்னலைச் சாத்திட்டு ஒரு டீ போட்டுக் குடி. அந்தச் சுவருக்கு ஒண்ணும் ஆகாது, அத நிபுணரே திறந்து பாத்திருக்காரு."

பின்னால் கதவு இடிபடும் சத்தம் கேட்டது. பிறகு வின்ஸ்டனின் குரல். மூச்சு வாங்க, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு இறங்குகிறார் போல.

"பொண்ணு, வெளிய வா! ஒண்ணையும் எடுக்காத, வா!"

"கிளெண்டா லைன்ல இருக்காங்க, உள்ளயே இருக்கச் சொல்றாங்க."

"கிளெண்டாவா சொல்றா? அப்ப உடனே வந்துடும்மா!"

ஜோடி தயங்கினாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. நான் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "வின்ஸ்டனுக்கு வயசாயிடுச்சு, ஜோடி. எதுக்கெடுத்தாலும் பயம். பாவம், அவரப் போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கோ" என்றேன்.

சாத்தினாள். கதவு மூடும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கதவு எப்போதும் கொஞ்சம் இறுக்கம், தோளால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும்.

ஜோடி வெளியே வரவே இல்லை. வின்ஸ்டன் தப்பிவிட்டார், அவர் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்னது எல்லாம் உண்மை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். போனை வைக்கும் முன்னால் ஜோடி, "ரொம்ப தேங்க்ஸ், கிளெண்டா, நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று சொன்னாள். கெடுதல் செய்தவளிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா, கண்ணு?