ஆறாவது தீர்மானமும் ஜவுளிக்கடைப் பெட்டியும்

பேச்சையும் பொன்போல் நிறுத்துத் தரும் பெருமகனார், மன்றத்தின் மாண்பமை தலைவர், நகைக்கடை விஜயராகவன் ஐயா அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே முன்கூட்டியே இடம்பிடித்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே! கல்லாவையும் காத்து, கடன் கேட்டு வருவோரிடமிருந்து கணவரையும் காக்கும் தாய்மார்களே! பனகல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடி, பாதிக் கூட்டம் முடிந்தபின் வந்து சேர்ந்த நண்பர்களே! கடையை விட்டு வர முடியாமல் யூடியூப் நேரலையில் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களே! பாத்திரக்கடை ஜவஹரின் பணிவான வணக்கம்.

ஆறாவது தீர்மானத்தைப் பற்றிப் பேசத் தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார். வணக்கம் சொன்னதிலேயே ஒன்று போய்விட்டது. மரியாதைக்குப் போன நிமிடத்துக்கு நான் வருந்துவதில்லை.

தீர்மானம் இதுதான். நம் தெருக் கடைகளின் கணினிப் பாதுகாப்புப் பெட்டிகளைக் கண்காணிக்க மன்றம் அமர்த்திய அன்புக்கரசியின் வேலையை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வது. காரணம், அவர் வந்த நாளிலிருந்து ஒன்றுமே நடக்கவில்லை. முன்மொழிந்தவர், மூன்றாம் வரிசையில் மாம்பழ நிறப் பட்டில் அமர்ந்திருக்கும் ஜவுளிக்கடை தங்கபுஷ்பம் அம்மா. அன்புக்கரசி இதோ, என் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். தம்மை வேலையைவிட்டு அனுப்பும் கூட்டத்துக்குத் தாமே மைக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவர்.

என்ன பெட்டி என்று கேட்கிறார் பின்வரிசை நண்பர். உங்கள் கடையிலும் ஒன்று இருக்கிறது ஐயா, மேலே டிபன் கேரியர் வைத்திருக்கிறீர்கள். ஃபயர்வால் என்று பெயர். வெளியே இருக்கும் இணையத்துக்கும் உள்ளே இருக்கும் நம் கணினிக்கும் நடுவில் நின்று, வருகிறவனை நிறுத்தி, நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் காவலாளி. காவலாளியை வைத்துவிட்டோம். அவன் விழித்திருக்கிறானா என்று யார் பார்ப்பது? அவனுக்கு உடம்பு சுடுகிறதா? தாங்க முடியாத கூட்டம் அவன்மேல் விழுகிறதா? புதிதாகக் கிளம்பிய திருடர்களின் அடையாளம் அவனுக்குச் சொல்லப்பட்டதா? இவற்றைக் கேட்பதுதான் அன்புக்கரசியின் வேலை. மன்றத்து மாடியில் ஒரு திரை. அதில் கடைக்கு ஒரு விளக்கு. நலமென்றால் பச்சை, திணறினால் மஞ்சள், விழுந்தால் சிவப்பு.

அதை நாமே பார்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? பார்க்கலாம் ஐயா. தீபாவளி நெருக்கத்தில் நீங்கள் சாப்பிட்டீர்களா என்பதையே வீட்டம்மா போன் செய்து கேட்டால்தான் உங்களுக்கு நினைவு வருகிறது.

போன ஆயுத பூஜைக்கு வருகிறேன். அளவுகோலுக்கு ஓய்வு, கத்திரிக்கோலுக்கு ஓய்வு. தங்கபுஷ்பம் அம்மா பாதுகாப்புப் பெட்டிக்கும் ஓய்வு தந்தார். அணைத்தார்கள்; துடைத்தார்கள்; சந்தனம் பூசினார்கள்; காற்றுப் போகும் துளைகளில் குங்குமம் வைத்தார்கள். பொரிக்கும் கடலைக்கும் நடுவே பெட்டி புதுமாப்பிள்ளையாய் வீற்றிருந்தது. பக்தியில் குறை காண நான் யார்? ஆனால் வியாபாரத்துக்கு மட்டும் ஓய்வில்லை. பில் போட இணையம் வேண்டுமே! ஒயரைப் பெட்டியிலிருந்து உருவி நேரே கணினியில் செருகினார்கள். காவலாளியைப் பூஜையில் உட்காரவைத்துவிட்டுக் கதவை விரியத் திறந்து வைத்தார்கள்.

விடுமுறை நாளில், பெரும்பாக்கத்து வீட்டில் இருந்த அன்புக்கரசியின் போனிலும் அந்தச் சிவப்பு விழுந்தது. அழைத்தார்.

“அம்மா, உங்க பெட்டி மூச்சே விடாம கீதே, இன்னாச்சு?”

“வாயக் கழுவுட்டி! பூசையில இருக்கு. வருசம் பூரா உழைக்குதுல்லா, ஒரு நா இருந்துட்டுப் போட்டும்.”

“அது உக்காந்தா வேற எவனாச்சும் உள்ள வந்து உக்காந்துக்குவான்மா!”

பஸ் பிடித்து வந்தார். ஒயரைப் பார்த்தார். பிடுங்கினார். பில் நின்றது. கையில் சேலையோடு நின்ற சிலர் எதிர்க்கடைக்கு நடந்தார்கள்.

“கூட்டம் நிக்கையில ஒயரப் புடுங்குதியே, நீ வெளங்குவியா?”

“திட்டிக்கினே இருங்கம்மா. அத்த மட்டும் திரும்ப சொருவாதீங்க.”

சந்தனத்தைச் சுரண்டி, பெட்டியை எழுப்பி, பச்சை வந்த பிறகுதான் பில் போட விட்டார். அன்றைய கோபம்தான் இன்றைய தீர்மானம்.

அந்தக் கணினியில் என்ன இருந்தது? சேலை விலை மட்டுமா? அங்கே புடவை எடுத்த ஒவ்வொரு பெண்ணின் பெயர், போன் எண், வீட்டு முகவரி. நம்மை நம்பித் தந்தவை! ஒயர் நேரே கணினியில் இருந்த அந்தச் சில மணி நேரத்தில் வெளியிலிருந்து யாரோ கடவுச்சொல் போட்டுப் போட்டுத் தட்டிய தடம் பக்கம் பக்கமாக இருந்தது. கடையின் கடவுச்சொல்லோ, முருகன் ஒன்று இரண்டு மூன்று. திருடன் எந்த எண் வரை வந்திருந்தான் என்பது அவனுக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறோம். தானாகவா நடக்காமல் இருந்தது? தவத்தாலா? தற்செயலாலா? தடுத்தவள் ஒருத்தி இருந்தாள்! தடுத்தவளைப் பார்த்து, தடயமே இல்லையே, நீ எதற்கு என்று கேட்கிறோம்! எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா, மேடையிலேயே சொல்கிறேன்.

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? “பாஸ்வேர்ட ஏம்யா மைக்குல சொல்லுத?” என்கிறார். பதற்றம் வேண்டாம் அம்மா. அதை அன்றே மாற்றியிருப்பீர்கள்.

மாற்றவில்லையாம்.

நேரலை ஓடுகிறதா? ஓடுகிறதாம்.

அன்புக்கரசியும் எழுந்துவிட்டார். கையில் போன். “சார், அம்மா கடை வெளக்கு மஞ்சளாயிடுச்சி. எவன் எவனோ தட்டிக்கினு கீறான். நீங்க இன்னும் எதுவும் சொல்லாம இருந்தாலே போதும். அம்மா, வாங்க! பெட்டி தாங்கிக்கினு கீது, அதுக்குள்ள மாத்திடலாம். புதுசு நீங்கதான் போடணும். யார்ட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும்தான்.”

“ஏட்டி, நில்லு, செருப்பப் போட்டுக்கிடுதேன்!”

தலைவர் அவர்களே, அவைக்குறிப்பில் ஏற்றுங்கள். ஆறாவது தீர்மானத்தை முன்மொழிந்தவர், வேண்டாம் என்று தாம் எழுதிக் கொடுத்த அதே பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். இனியும் வாக்கெடுப்பு வேண்டுமா? பெருமக்களே, கையைத் தூக்க வேண்டாம். காலை மடக்குங்கள். நாற்காலியை நகர்த்துங்கள். அந்த இருவருக்கும் வழி விடுங்கள்! அப்படித்தான்! முன்வரிசையும் எழுந்துவிட்டது! வழி விட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கம்.