கழுத்துல கடிக்கிறது

ஒரு விடுகதை போடுறேன் அக்கா, சொல்லுங்க பாப்போம். நகத்தளவுதான் இருக்கும், பல்லு கிடையாது, ஆனா நாள் பூரா கழுத்துல கடிக்கும். அது என்ன?

கொசுவா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சட்டைக் கழுத்துல தச்சிருக்குமே, லேபிள், அதுதான். என் பொண்ணு போட்ட விடுகதை. ஆறு வயசு.

உங்க பையனுக்கும் அப்படித்தானே? தெரியும். துணி பட்டா தாங்காத பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்குன்னு நீங்க ஆன்லைன்ல நடத்துற குரூப்ல சேந்த அன்னிக்கு, முதல்ல படிச்சதே நீங்க எழுதினதைத்தான். சாக்ஸ் தையல் விரல்ல பட்டா பள்ளிக்கூடமே போகமாட்டான்னு எழுதியிருந்தீங்க. அடுப்படியில உக்காந்து அழுதேன். அதுவரைக்கும் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேன்னுதான் மாமியார்ல இருந்து டீச்சர் வரைக்கும் சொன்னாங்க.

உக்காருங்க. அந்தத் துணியைத் தள்ளிடுங்க, பரவாயில்ல. தைக்கிறதுக்கு முன்னாடி எட்டுத் தடவை துவைச்சிடுவேன், அப்பதான் மெத்துன்னு ஆகும்.

ஆமா, இதுதான் என் கடை. ஒரு மிஷின், ஒரு கட்டில், நான். இந்தச் சட்டைக்குள்ள கையை விட்டுப் பாருங்க. ஏதாவது தட்டுதா? தட்டாது. தையல் மொத்தமும் வெளிப்பக்கம். பாக்கறவங்களுக்குத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். இந்த வீட்டுல சட்டையை ஒழுங்கா போட்டவன் நான் ஒருத்தன்தான்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

சரி, நீங்க வந்த விஷயத்துக்கு வரேன். குரூப்ல சனிக்கிழமை மட்டும் அவங்கவங்க தொழிலைப் பத்திப் போடலாம், ஆனா சொந்தப் பிள்ளைக்கு ஒத்துவந்த பொருளா இருக்கணும்னு விதி வச்சீங்க. நல்ல விதிதான். கண்ட எண்ணெயையும் பவுடரையும் நம்ம தலையில கட்ட வந்தவங்க அதோட நின்னாங்க.

நானும் போட்டேன், படத்தோட. நான் தச்ச சட்டையை என் பொண்ணு நாள் பூரா கழட்டலன்னு எழுதினேன்.

எத்தனை பேர் வாங்கினாங்கன்னு பாத்தீங்கல்ல? ஒரு அம்மா, மூணு வருஷத்துல முதல் தடவையா என் பையன் சட்டையோட கல்யாணத்துக்கு வந்தான்னு எழுதினாங்க. அது பொய்யில்ல அக்கா. அந்தப் பிள்ளைங்க போட்டுக்குதுங்க.

டீயைக் குடிங்க, ஆறிடும்.

எல்லாப் படத்துலயும் பாப்பா ஏன் தூங்குறான்னு கேட்டிருக்காங்க. யார் கேட்டாங்கன்னு நான் கேக்கல. போன்லயே நீங்க கேட்டிருக்கலாம், பஸ் ஏறி வந்திருக்கீங்க. அதுக்காகவாவது நான் நிஜத்தைச் சொல்லணும்.

மத்தியானம் தூங்குவா. அப்பப் போட்டுவிட்டுப் படம் எடுப்பேன். முழிச்ச உடனே கழட்டி எறிஞ்சிடுவா. அவளுக்குன்னே பதினேழு தச்சுட்டேன். கழுத்தை இறக்கினேன், நூலை மாத்தினேன், கையையே எடுத்துட்டேன். ஒவ்வொரு தடவை அவ வேண்டாம்னப்பவும் சட்டை இன்னும் நல்லா வந்துச்சு, ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு.

கடையை வேணா மூடிடறேன். பதிவையெல்லாம் இப்பவே எடுத்துடறேன். குரூப்ல இருந்து மட்டும் என்னை எடுத்துடாதீங்க. அவ கத்தும்போது நான் வேற யாருக்கு எழுதுவேன்? வித்தவளை அனுப்பிட்டு அம்மாவை வச்சுக்கோங்கன்னு கேக்கலாம்னுதான் காலையில இருந்து நினைச்சிட்டிருந்தேன். ரெண்டும் ஒரே ஆளா இருக்கே, என்ன பண்றது?

உள்ளேதான் இருக்கா. கூப்பிட்டா வரமாட்டா, எட்டிப் பாருங்க.

நீங்க வரீங்கன்னு விடியக்காலையே எழுந்து பதினெட்டாவதை முடிச்சேன். கட்டில்ல வச்சேன். பக்கத்துலயே துவைச்சுப் போட்டிருந்த அவங்கப்பா பனியன். எது வேணும்டான்னு கேட்டேன். ரெண்டையும் கன்னத்துல வச்சுப் பாத்தா.

பனியனைத்தான் போட்டுக்கிட்டா. அதுல லேபிள் இன்னும் வெட்டாமத்தான் இருக்கு.