கிளிப்பச்சை

நீர்வண்ணம் வாங்கும்போது அவசரப்படக்கூடாது, கொமிசேர் ஐயா. வில்லையை ஈர விரலால் தேய்த்து, வெள்ளைப் பீங்கானில் இழுத்து, வெயிலில் காயவிட்டுப் பார்க்கவேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தணிகாசலம். இந்த ஸ்டேஷனில் நீங்கள் யாருடைய சாவை விசாரிக்கிறீர்களோ, அவரேதான்.

பம்பாய் ஸ்டூடியோவில் அசையும் பொம்மைப் படங்கள் வரைந்து பெயர் வாங்கியவர். புதுச்சேரிக்கு வந்து சாரம் பகுதியில் ஒரு வீட்டை எடுத்து, தேங்காய் எண்ணெய் விளம்பரத்துக்காக ஒரு பச்சைக்கிளியைப் பேசவைத்துக்கொண்டிருந்தார். வண்ணம் வாங்கிவருவது என் வேலை. மீதி நேரத்தில் நாவல் படிப்பேன். மொழிபெயர்ப்பு நாவல்கள் மட்டும். அதிலும் பனி பெய்கிறவை. மே மாதத்தில் நான் மஃப்ளர் சுற்றியிருப்பதைப் பார்த்து, "என்னா கலியமூர்த்தி, சாரத்துல பனி உழுதா?" என்பார். அவர் மனைவி செல்வாம்பாள் உள்ளிருந்து சிரிப்பார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. விவரத்துக்காகச் சொல்கிறேன்.

அவருடைய வித்தை எளிமையானது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியக்கூடாது. "அவசரப்பட்டா பொம்மை குதிக்கும்டா. மெதுவா கொண்டு போ." தாள்களை அடுக்கிப் புரட்டினால் கிளி கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும்.

ஒருநாள் நானே வரைந்த அடுக்கைக் கொண்டுபோனேன். ஜன்னலோரக் கட்டிலில் இளைத்து இளைத்துச் சாகும் ஒரு பெண். அவளுக்கு ருஷ்யப் பெயர்கூட வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தார்.

"இவ சாவலடா. கொட்டாவி உடறா."

"எத்தனை நாவல்ல படிச்சிருக்கேன் சார்..."

"படிச்சத வரையாத. எதிர்ல வச்சிப் பாத்து வரை. நான் கிளிய கூண்டுல வச்சிப் பாக்கல?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான்.

துய்ப்ளேக்ஸ் வீதியில் ஒரு பழைய கடையில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பச்சை வில்லைகள் கிடந்தன. முன்பு ஒருமுறை அதை என் கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறார். "அதுல பாஷாணம் இருக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஆவாது." நம்ம மாதிரி என்றால், தூரிகையை உதட்டில் வைத்து முனையைக் கூராக்குகிறவர்கள். கிளியின் ஒவ்வோர் இறகுக்கும் அவர் நாக்கு வெளியே வரும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அசிங்கம்.

அந்த வில்லைகளை வாங்கி, பெயர் அச்சிட்ட மேல்தாளைக் கிழித்துவிட்டு அவருடைய தட்டில் வைத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மொதல் தடவையா உருப்படியா ஒரு கலர் வாங்கியாந்திருக்கடா," என்றார். எந்தக் கடை என்று கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்கமாட்டேன். கேட்கவில்லை. வண்ணத்தைத் தொட்டே பெயர் சொல்கிறவர் என்று ஊரில் பேச்சு. ஊர் எதைத்தான் பேசாது.

முதலில் வயிறு. பிறகு உள்ளங்கைத் தோல் தடித்தது, முடி கொட்டியது. டாக்டர் ஹோட்டல் சாம்பாரைக் குறை சொன்னார். நான் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து அவரைப் பார்த்து ஒரு படம் வரைந்தேன், மெதுவாகக் கொண்டுபோனேன். படுக்கையிலும் அவர் கிளியை விடவில்லை. தூரிகையை நான்தான் நனைத்துக் கொடுத்தேன். "பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது தம்பி," என்று செல்வாம்பாள் எனக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தார். உப்பு சற்றுக் குறைவு.

கடைசியில் ஒருநாள் என் தாள்களைக் கேட்டார். வாங்கிப் புரட்டினார்.

"இப்பதான்டா சரியா வருது," என்றார்.

பிறகு தட்டிலிருந்த பச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் தூரிகையைக் கேட்கவில்லை. அந்தப் பார்வையை மட்டும் என்னால் சரியாக வரைய முடியவில்லை.

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்த அடுக்கை ஒருமுறை கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். கன்னம் நிரம்பும், முடி வளரும், எழுந்து உட்கார்ந்து தூரிகையை நாக்கில் வைப்பார். எந்த டாக்டராலும் முடியாததை நான் செய்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்வதுதானே முறை?