யோகராஜா அண்ணைக்கு நான் சொன்ன சுளுக்கு

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு சுவிஸின் ஆரா நகரில் எனக்கு ஜெர்மன் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் அன்று நடந்ததைத் தேதி போட்டு எழுதிவைப்பேன். ஆகவே நான் சொல்லும் தேதிகளில் பிழை இராது. மற்றவற்றில் எனக்கே சந்தேகம் உண்டு.

யோகராஜா அண்ணையும் நானும் ஒரே அறை. அவர் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். 1986 ஒக்டோபரில் கோப்பைகள் அவர் கையிலிருந்து நழுவத் தொடங்கின. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க நான் போனேன். கழுத்துக்குள் ஓடும் முள்ளந்தண்டு நரம்பில் கட்டி, அநேகமாக மிக அரிதான புற்றுநோய் என்றார் டொக்டர். உடனே வெட்டியெடுத்துக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தால் பல வருடம் வாழலாம். விட்டால் கைகால் போகும், பிறகு மூச்சு. எனக்கு எல்லாம் விளங்கியது.

எங்கள் ஆட்கள் புற்றுநோயை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வீட்டாரிடம் சொல்வார்கள். அவருடைய வீட்டார் யாழ்ப்பாணத்தில். பக்கத்தில் இருந்தவன் நான்.

"நரம்புச் சுளுக்காம், அண்ணை," என்றேன்.

டொக்டர் சம்மதம் கேட்டார். அதை மறைப்பது முறையல்ல.

"ஒப்பரேசன் செய்ய விருப்பமோ எண்டு கேக்கிறார்."

"சுளுக்குக்குக் கழுத்தை வெட்டுறதோ? விசரோ இவருக்கு? எண்ணெய் பூசினால் காணும் எண்டு சொல்லடாப்பா."

விருப்பமில்லையாம் என்று மொழிபெயர்த்தேன். எண்ணெயைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஆபத்து அவருக்கு விளங்கியதா என்று டொக்டர் இரண்டு முறை கேட்டார். விளங்கியது என்றேன். என் ஜெர்மன் நன்றாயிருக்கிறது என்றார்.

அடுத்த கிழமையும் கூப்பிட்டார். அன்று திருத்தியிருக்கலாம். திருத்தினால், முதல் நாள் என்ன சொன்னாய் என்று இருவருமே கேட்பார்கள். மறுப்பை எழுத்தில் தரச் சொன்னார் டொக்டர். நானே எழுதினேன். வேலைக்கான லீவுக் கடிதம் என்று அண்ணையிடம் சொல்லி, பேனையை அவர் விரல்களுக்குள் வைத்துப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன்.

பெப்ரவரியில் கால்கள் போயின. ஏப்ரலில் கட்டிலோடு கிடந்தபோது கேட்டார்:

"உண்மையிலை சுளுக்குத்தானோடா?"

"ஓம், அண்ணை."

"நீ இல்லாட்டி இவங்கள் என்னைக் கூறு போட்டிருப்பாங்கள்."

ஒன்பதாம் தேதி மூச்சு நின்றது.

அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை அவர் பயப்படவில்லை, அதற்காகத்தான் செய்தேன். அந்த மாதங்களில் பயந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான், அந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ் தெரிந்த வேறு யாராவது வேலைக்கு வந்துவிடுவார்களோ என்று.