தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி

செருப்போடவே உள்ள வாங்க தம்பி, பரவாயில்ல. தரையெல்லாம் பிளாஸ்டிக் கட்டை கிடக்கும், மிதிச்சீங்கன்னா உயிர் போய் உயிர் வரும். பாத்து, தலை! குருவி குருவின்னு அவர் கூப்பிடுறதக் கேட்டு, ஆள் சின்னதா இருப்பீங்கன்னு நெனச்சேன். நெலைல இடிக்கிறீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இல்ல, யாரும் தூங்கல. இந்த வீட்ல அப்படியே பழகிடுச்சு.

இதோ, போன்ல சொன்னேன்ல, இதான். நீங்களும் என் வீட்டுக்காரரும் மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல சுட்டு விளையாடின ஊர். அவர் தவறினதுக்கப்புறம், இந்த எட்டு மாசத்துல நான் கட்டினது. அக்கா பசங்க விளையாடித் தூக்கிப் போட்ட கட்டை ரெண்டு வாளி இருந்துச்சு, அதான் கலரெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு.

அந்த கேமையா? நான் பாத்ததே இல்ல தம்பி. அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல. லிஃப்ட் மெக்கானிக்கில்ல, வேலை முடிஞ்சு வருவார், கையில இருக்கிற கிரீஸக் கழுவுவார், ஹெட்போன மாட்டிப்பார். அவ்வளவுதான், பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கிறதே மறந்துடும். நான் அடுத்த ரூம்ல தச்சுக்கிட்டிருப்பேன். குருவி, இடது பக்கம் படி, மேல ரெண்டு பேர். குருவி, பாலத்துக்குக் கீழ பதுங்கு. எல்லாம் காதுல விழும். நான் துணி வெட்டுறவ. அளவு சொன்னா போதும், ஆளப் பாக்காமலே சட்டை வெட்டிக் குடுப்பேன். காதுல விழுந்தத வச்சு ஒரு ஊர வெட்ட முடியாதா?

என்ன, முகம் ஒரு மாதிரி போகுது? தப்பா இருக்கா? இடது வலது மாறியிருக்கா... மொத்தமுமா! அடக் கடவுளே. துணியத் திருப்பிப் போட்டு வெட்டிட்டேன் போங்க. அவர் அந்தச் சுவரப் பாத்து உக்காருவார். நான் இந்தப் பக்கம், அதே சுவரப் பாத்து உக்காருவேன். அவருக்கு இடது எனக்கு வலது. அப்போ மூணு வருஷமா நேருக்கு நேராத்தான் உக்காந்திருந்திருக்கோம், நடுவுல ஒரு செங்கல் சுவர். இது எனக்குத் தெரியவே தெரியாது தம்பி.

சரி விடுங்க. சும்மா பாக்கிறதுக்குக் கட்டல, விளையாடலாம். கருப்புப் பொம்மை ஆறும் எதிரி. சிவப்பு அவர், தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. மஞ்சள் நீங்க. தினம் சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கா நான்தான் தாயக்கட்டை உருட்டுவேன். ஒரே ஒரு சட்டம் நானா போட்டது. பதுங்கியிருக்கிறவர் பக்கத்துல சத்தம் வராத வரைக்கும் அவர யாரும் சுடக் கூடாது. அதான் இந்தத் துணி, தாயக்கட்டை இது மேலதான் விழணும். தையல் மெஷினக்கூடக் கடைக்கு மாத்திட்டேன். சிரிக்காதீங்க. எட்டு மாசமா ஒருத்தனால அவர நெருங்க முடியல, தெரியுமா?

தொட்டியத் தள்ளி நான் கட்டியிருக்கிற அந்த ரூமா? ஆமா, கேம்ல இருக்காது. சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கிறேன். சாவுக்கும் வரல, நாலு தடவ கூப்பிட்டும் போன எடுக்கல, அஞ்சாவது தடவதான் எடுத்தீங்க. ஏன் தம்பி?

... அண்ணன் கூப்பிட்டப்போ நான் லேட்டாப் போயிட்டேன்னு சொல்றீங்களா? அத மனசுல போட்டுக்கிட்டா இத்தன நாள் இருந்தீங்க? அழாதீங்க. உக்காருங்க, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க.

அன்னிக்கு லீவு, மத்தியானம். தொட்டிக்குப் பின்னாடி விழுந்துட்டேன் குருவி, வந்து தூக்கிவிடுன்னார். உங்க கேம்ல கூட்டாளி வந்து தொட்டா விழுந்தவன் எழுந்திரிப்பானாமே. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. நான் பதுங்கியிருக்கும்போது சத்தம் போடாதடின்னு எப்பவும் சொல்வார். பதுங்கியிருக்கார்னு நெனச்சேன். மெஷினையும் நிறுத்திட்டேன், அவருக்குத் தொந்தரவா இருக்கும்னு. அரை மணி நேரம். சட்டையில பாதிக் காலர் ஏறியிருக்கு, ஊசி இறங்கின எடத்துலயே நிக்குது, நான் மூச்சுக்கூடச் சத்தமா விடல.

போய்ப் பாத்தப்போ தலை மேசை மேல. ஹெட்போன்ல சன்னமா உங்க குரல். அண்ணே வந்துட்டேண்ணே, எழுந்திரிங்கண்ணேன்னு. ஆட்டம் முடிஞ்சும் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க. நீங்க வந்துட்டீங்க தம்பி. இதச் சொல்லத்தான் வரச் சொன்னேன்.

அந்த ரூம் என் தையல் ரூம். உள்ள இருக்கிற வெள்ளைப் பொம்மை நான். என் ஸ்டூல்லருந்து கதவு வழியா அவர் நாற்காலிக்கு ஒன்பது அடி, இஞ்சு டேப் வச்சு அளந்தேன். அடிக்கு ஒரு கட்டம். எல்லாருக்கும் உருட்டிடுறேன், எனக்கு மட்டும் கை ஓட மாட்டேங்குது. நீங்க உருட்டுங்களேன். ரெண்டு தடவ நல்லா விழுந்தா வெள்ளைப் பொம்மை அவர்கிட்ட போய்ச் சேந்துடும். இருங்க, துணிய எடுத்துடுறேன். வெறும் பலகை மேலயே போடுங்க, சத்தம் கேட்டாக் கேக்கட்டும்.