மௌனத்துக்கு வந்த மவுசு

அட்டையில் தண்ணீர் இருந்தால் ஆன்மிகப் புத்தகம் விற்கும். குளம், மழைத்துளி, கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர், எதுவானாலும் சரி. நெருப்பு போட்டால் விற்காது. அது எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவள் நான். என் தம்பிக்கு அட்டை, விலை, விற்பனை எதைப் பற்றியும் கவலை கிடையாது. எழுதுவான், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டுவான். மிச்சமெல்லாம் என் தலையில்.

என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். அதைத்தான் சொல்கிறேன், மேடம். நடுவில் நான் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களை நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

அவனுடைய முதல் புத்தகங்கள் படுத்துவிட்டன. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தான். கடவுள் இருக்கிறாரா தெரியவில்லை, ஒருவேளை இருக்கலாம், நான் பாட்டுக்கு அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று இப்படியெல்லாம். யார் வாங்குவார்கள்? கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அடுத்ததை நானே உட்கார்ந்து திருத்தினேன். நீளமான வாக்கியங்களை உடைத்தேன். அவன் ‘ஒருவேளை’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ‘நிச்சயமாக’ என்று போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பிய்த்துக்கொண்டு போனது.

அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலண்டர், மேசையில் வைக்கும் அட்டைகள், காலையில் போனுக்கு வரும் ஒரு வரி, வார இறுதியில் முகாம். முன்பெல்லாம் உட்காரக்கூடச் சொல்லாத அச்சகக்காரர் என்னைக் கண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டதும் உண்டு. தம்பி மட்டும் வாடிக்கொண்டே வந்தான். சுவரொட்டியில் தன் பெயருக்கு மேலே இருந்த வரியைப் படித்துவிட்டு, இதை யார் எழுதினது என்று டிரைவரிடம் கேட்டானாம்.

அந்தப் பெரிய கூட்டத்தன்று காலையில், சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் சொன்னான்.

“அக்கா, இன்னைக்கு மேடையில சொல்லிடப் போறேன். அந்த நிச்சயம் எதுவும் என்னுது இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடப் போறேன்.”

“சொல்லேன். முதல்ல சாப்பிடு” என்றேன்.

எனக்குக் கோபமே வரவில்லை. அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். முரண்டு பிடிப்பான், பிறகு வழிக்கு வருவான். எப்படி வழிக்குக் கொண்டுவரலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் கையிலிருந்த ஸ்பூன் நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ‘டாக்’ என்று ஏதோ ஆரம்பித்தான். முடிக்க வரவில்லை. நான் அவன் வாயைத் துடைத்தேன், தலையை வாரிவிட்டேன், வெள்ளைச் சட்டை மாட்டினேன். டிரைவரைக் கூப்பிட்டு, ஐயா இன்றைக்கு மௌனம், கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

அரங்கத்தில் நிற்க இடமில்லை. மைக்கை நானே வாங்கி, இவர் சொற்களைத் தாண்டிப் போய்விட்டார், இன்று பேச மாட்டார், நம்மோடு இருப்பார் என்று சொன்னேன். கொஞ்சம் சலசலப்பு இருந்தது. பிறகு ஒருவர் அழ ஆரம்பித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. தம்பி நாற்காலியில் சாய்ந்திருந்தான். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறி, புன்னகை மாதிரியே இருந்தது. ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை, மேடம். புத்தகக் கடை போட்டிருந்தவர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார்.

“எல்லாம் காலிங்க. மேசை விரிப்பக்கூட குடுங்கன்னு கேக்கறாங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெளியே அத்தனை பேர் அழும்போது சத்தம் கேட்கக்கூடாதே என்று கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விக்கல் வரும்வரை சிரித்தேன்.

மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். காட்டாமல் இல்லை. அந்தப் பெண் என்னைக் கடிந்துகொண்டாள். உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சு தப்பியிருக்குமாம். “இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடல. பயிற்சி குடுத்தா பேச்சு வந்துடும்” என்றாள். இந்தச் செய்திதான் என்னை உறுத்தியது. வேறு ஊரில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வேறு ஊருக்குப் போகவில்லை.

அதன் பிறகு வந்த புத்தகங்களை நான்தான் எழுதினேன். ஆனால் என் இஷ்டத்துக்கு எழுதவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் கண்ணைப் பார்த்துத்தான் எழுதினேன். அவன் நாளெல்லாம் கதவையே பார்த்தான், வாசல்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன். டெலிபோனையே வெறித்துப் பார்த்தான். பற்றுகளை விடச் சொல்கிறான் என்று புரிந்தது, டெலிபோனை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படி ஒரு ஒத்துழைப்பு எங்களுக்குள் அதுவரை இருந்ததில்லை. பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் சண்டை.

சில மாதங்களில் அவனுக்குத் தானாகவே சத்தம் வர ஆரம்பித்தது. ‘வா’, ‘கூ’ என்று குழந்தை மாதிரி. ஒருநாள் பார்க்க வந்தவர்களின் முன்னால் ‘கூப்’ வரை வந்துவிட்டான். அன்றிலிருந்து ஆட்கள் வரும் நேரத்துக்கு முன்னால் பாலில் தூக்க மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். அவன் பல்லைக் கடிப்பான். நான் பொறுமையாகத் தாடையைப் பிடித்துவிடுவேன். பிறகு முகம் அப்படியே தெளிந்துவிடும். என்ன ஒரு சாந்தம் என்று வருகிறவர்கள் நெக்குருகிப் போவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாளே, அந்தப் பேச்சுப் பயிற்சிக்காரி, அவள் வாசகி மாதிரிதான் வரிசையில் வந்தாள். அன்று அவன் பாலைப் பாதி துப்பிவிட்டிருந்தான். அவள் தன் முறை முடிந்தும் நகராமல் மண்டியிட்டு, “ஐயா, நான் பேசறது புரிஞ்சா ரெண்டு தடவ கண்ண மூடித் திறங்க” என்றாள். மூடித் திறந்தான். உங்களுக்கு உதவி வேணுமா என்றாள். மறுபடியும் மூடித் திறந்தான், நிறுத்தவே இல்லை. நான் பக்கத்தில் நின்று, கேள்வி பதிலாகவே ஒரு புத்தகம் போடலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதாதீர்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான் வாய் கோணி விழுந்தார். அந்த ஸ்பூன் தரையைத் தொடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அரங்கத்துக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போனோம். தம்பி நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். டிரைவர்கூட வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நேரே போ என்றேன். தெரிந்தேதான் செய்தேன்.

நேற்று என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அவன் அறைக்கு வெளியே நிறுத்தினீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பயிற்சிக்காரி எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு, அக்கா வந்திருக்காங்க, பாக்கணுமா என்று கேட்டாள். அவன் விரல் நடுங்கி நடுங்கி ஒவ்வொரு எழுத்தாகப் போனது. வேண்டாம் என்று காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் சிரித்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வளர்த்தவளின் பாசத்தையே ஒரு சொல்லில் உதறிவிடுவதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். என் தம்பி கடைசியில் நிஜமாகவே ஞானியாகிவிட்டான், மேடம். ‘வேண்டாம்.’ இதைவிட நல்ல தலைப்பு அவன் எனக்குத் தந்ததே இல்லை.