முட்டுக்கட்டை என்னுடையது

பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினைவிட முக்கியமான பொருள் ஒன்று உண்டு. சக்கரத்துக்கு அடியில் சொருகி வைக்கிற முட்டுக்கட்டை. எஞ்சின் கெட்டால் ஓடுகிற வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். கட்டை கெட்டால் நிற்கிற வண்டி ஓடிப்போகும். நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை.

உங்கள் மேசையில் பித்தளை வளையத்தோடு இருக்கிறதே, அந்தக் கட்டை என்னுடையது. மாப்பிள்ளையின் வேனுக்கு அடியிலிருந்து அதை உருவியதும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதை மட்டும் எழுதினால் படிக்கிறவர்களுக்கு நான் ஏதோ திருடன் மாதிரித் தெரியும். ஆனால் அது எப்படி என்னுடையது என்று விளக்க வேண்டுமென்றால், இதுவரை நான் எடுத்த மற்றவற்றையும் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஓய்வு பெறும்வரை நான் கடைகளின் தராசைச் சரிபார்த்து முத்திரை வைக்கிற வேலையில் இருந்தேன். ஒரு தட்டு மயிரிழை தாழ்ந்திருந்தால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. பேக்கரி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைகிறவர் என்பதால், மதியம் சாப்பிட்டுப் படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. தங்கமான மனிதர். அதையும் எழுதுங்கள். அவர்மேல் எனக்குக் கடுகளவும் கோபம் கிடையாது.

மூடிப்போன சுற்றுலாக் கம்பெனி ஒன்று தன் இரண்டு பழைய வேன்களை விற்றபோது நாங்கள் ஆளுக்கொன்று வாங்கினோம். உள்ளேயே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, அலமாரி, ஜன்னலுக்குத் திரை. இரண்டும் ஒரே வருடத்தில் செய்தவை, ஒரே நீல நிறம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். "நீங்க மூத்தவங்க மச்சான், முதல்ல நீங்க எடுத்துக்கங்க" என்றார். நான் பளபளவென்று இருந்ததை எடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். ஒரு மழை பெய்ததும் பளபளப்பு உரிந்து, உள்ளே இருந்த துரு பல்லைக் காட்டியது. மங்கலாகக் கிடந்த அவருடைய வண்டி உள்ளுக்குள் கட்டித் தங்கம்.

இங்கே நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது நல்ல வண்டியை. வந்து சேர்ந்ததுதான் வேறு. தராசு அங்கேயே சாய்ந்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை பழைய வேன்காரர்கள் எல்லோரும் வரிசையாகக் கிளம்பி, ஏதாவது ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ போய்த் தங்குவோம். வெளியாட்கள் பார்த்தால் பைத்தியக்காரக் கூட்டம் என்பார்கள். ஒருவர் எஞ்சினை உறும விடுவார், மற்றவர்கள் கச்சேரி கேட்கிற மாதிரி கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். என் மனைவி ஒரே ஒரு தடவை வந்தாள். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் பஸ்ஸில் வருகிறேன் என்றுவிட்டாள்.

அதோ ஈரப் பேன்ட்டோடு உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து என்னை முறைக்கிறாரே, அவர்தான் எங்கள் தலைவர். ஓய்வு பெற்ற பல் டாக்டர். பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்ப்பார். "மேல் வரிசை நல்லாருக்கு, கீழே ஒரு சொத்தை ஆரம்பிக்குது, கவனிங்க" என்பார். கடைசியில், வண்டியோடு பிறந்த பாகங்களை யார் நன்றாக வைத்திருக்கிறாரோ அவருக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார். வண்டியின் முகப்பில் மாட்டிக்கொள்ளலாம். அது மாப்பிள்ளைக்கே போய்க்கொண்டிருந்தது. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

கடையில் புதுப் பாகம் வாங்கிப் போட்டால் டாக்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அதே வருடத்து, அதே வண்டியின் பாகத்தைப் போட்டால் அவராலும் முடியாது. இது எனக்கு ஒருநாள் சவரம் செய்யும்போது தோன்றியது. கெட்ட எண்ணத்தோடு யோசித்துக் கண்டுபிடித்ததில்லை.

முதலில் மாற்றியது முட்டுக்கட்டையை. அவருடையது கெட்டியான தேக்கு, என்னுடையது ஓரம் சிதைந்த ஏதோ மரம். மாப்பிள்ளை மதியம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது இதை அங்கேயும் அதை இங்கேயும் வைத்தேன். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் வருவேன். வெறுமையாக விட்டுவிட்டு வந்ததாக ஒரு நாள் காட்டுங்கள் பார்க்கலாம்.

அப்புறம் ஹாரன். அப்புறம் விளக்குகள், மடக்கு மேசை, ஸ்டியரிங். எனக்குப் பெரிய கொட்டகையும் கருவிகளும் உண்டு என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் மாப்பிள்ளையே தன் வேனைக் கொண்டுவந்து என்னிடம் விடுவார். "ஒரு பார்வை பாத்துடுங்க மச்சான்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு பொட்டலம் பன்னும் வைத்துவிட்டுப் போவார். நான் பார்த்தேன். அவர் பேக்கரிக்குப் புது அடுப்பு கட்டிய சமயத்தில் வண்டி ரொம்ப நாள் என்னிடம் இருந்தது. அப்போதுதான் எஞ்சினும் கியர்பாக்ஸும் கை மாறின. பன் நன்றாகவே இருந்தது.

ஒருமுறை என் தங்கை என் வேனில் உட்கார்ந்து காபி குடித்தாள். மடக்கு மேசையில் சூடான பாத்திரம் வைத்த வட்டத் தழும்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நானும் இதே மாதிரி எங்க மேசையைச் சுட்டு வச்சேன் அண்ணே. அண்ணியும் என்னை மாதிரிதானா?" என்றாள். ஆமாம் என்றேன். தங்கைகளிடம் சந்தேகப்படுகிற புத்தி இல்லாதது ஒரு பெரிய பாக்கியம்.

இதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நல்ல பாகங்கள் என் வண்டிக்கு வந்ததும் ஏனோ சோர்ந்துபோயின. என் கொட்டகைக் காற்று சரியில்லை என்று நினைக்கிறேன். ஈரம் அதிகம். எலியும் உண்டு. நான் எண்ணெய் போடவில்லை, துடைக்கவில்லை என்று டாக்டர் சொல்வார், அவர் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார். அங்கே மாப்பிள்ளையோ, கையில் வந்த ஓட்டை உடைசலை எல்லாம் பார்த்து, "வண்டிக்கும் வயசாகுதுல்ல மச்சான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். மாவு பிசைகிற அதே பொறுமையோடு தேய்ப்பார், அடைப்பார், மெருகு போடுவார். அந்த மனிதருக்குக் கைராசி.

மலைப்பாதைப் பயணம் ஒன்றில் என் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றது. கியர்பாக்ஸ். பின்னால் வந்த மாப்பிள்ளை இறங்கி, கயிறு கட்டி, மேலே வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். முன்னால் போகிற வண்டியில் என் பழைய கியர்பாக்ஸ் பூனைக்குட்டி மாதிரி முனகாமல் ஏறிக்கொண்டிருக்கிறது, பின்னால் அவருடைய கியர்பாக்ஸோடு நான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். உச்சியில் நிறுத்திவிட்டு, "பயந்துட்டீங்களா மச்சான்?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடித்துக்கொண்டே அவர் வண்டியை ஆசையோடு தடவிக்கொடுத்தேன். நன்றியில்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

கடைசிக் கதவின் கடைசிக் கைப்பிடியும் மாறி முடிந்த வருடம், தகடு எனக்குத்தான் என்று முகப்பில் ஆணி அடித்தே வைத்திருந்தேன். டாக்டர் என் வண்டிக்கு அடியில் படுத்து, வெளியே வந்து, தலையை ஆட்டினார். "எல்லாத்தையும் பிடுங்கணும்" என்றார். தகடு மறுபடி மாப்பிள்ளைக்கு.

அன்றைக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். வெளிக்கூடு ஒன்றைத் தவிர, மாப்பிள்ளையின் வேனில் இருப்பது முழுக்க என் பாகங்கள். அப்படியானால் பரிசு வாங்கிக்கொண்டிருப்பது யாருடைய வண்டி? என்னுடையது. என் சாமான்களை ஒருவர் இத்தனை நாளாகத் தன்னிடம் வைத்துக்கொண்டு பெயர் வாங்கியிருக்கிறார். தெரியாமல்தான் செய்தார், அதனால் நான் மன்னித்துவிட்டேன். ஆனால் என் பொருள் எனக்குத் திரும்பி வரவேண்டும். தராசு தெரிந்த யாரும் இதை மறுக்க முடியாது.

போன மாதம் வேன் பார்வைக்கு வந்தபோது கைப்பிரேக் கம்பியை மீட்டேன். மாப்பிள்ளை அதைப் புதிது போல ஆக்கி வைத்திருந்தார். பதிலுக்கு என் வண்டியில் இருந்ததை மாட்டிவிட்டேன். அது பிடிக்காது. இழுத்தால் இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். இந்த வரியை நீங்கள் அடிக்கோடு போடத் தேவையில்லை, நானே தெளிவாகத்தான் சொல்கிறேன்.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மரத்தடியில் வழக்கமான குறட்டை. அவர் வேன் கரைச் சரிவில், ஏரியைப் பார்த்து நின்றது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்று என் தங்கை ஆசைப்பட்டாளாம். நான் எப்போதும் சின்னதில் ஆரம்பிப்பவன். முட்டுக்கட்டைக்குப் போனேன். அந்தச் சிதைந்த மரத்தை மாப்பிள்ளை என்ன செய்து வைத்திருந்தார் தெரியுமா? ஓரம் சீவி, பக்கத்துக்குத் தேக்குத் துண்டு ஒட்டி, எண்ணெய் ஏற்றி, அடியில் ரப்பர் வைத்து, இழுப்பதற்குப் பித்தளை வளையம் போட்டிருந்தார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. என் கட்டை.

ஜன்னல் திரை விலகியது. தங்கை உள்ளே படுத்திருந்தாள்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பாக்குறேன். நீ படு."

"சரிண்ணே" என்று படுத்துக்கொண்டாள்.

ஆமாம், அவள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். கைப்பிரேக் பிடிக்காது என்பதும் தெரியும். அதனால்தான் வெறுமையாக விடாமல், உருவிய கையோடு அவர்களுடைய பழைய தேக்குக் கட்டையைச் சொருகினேன். கரையான் அரித்திருந்தது உண்மைதான். தரையிலேயே போட்டு வைத்திருந்தேன், கரையானுக்கு என்ன தெரியும். சக்கரம் அதன்மேல் உட்கார்ந்ததும் முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

வண்டி மெதுவாகத்தான் போனது. என் தங்கை எழுந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நிழலுக்கு நகர்த்துகிறோம் என்று நினைத்திருப்பாள், கையை அசைத்தாள். நானும் அசைத்தேன். கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தினால் மாப்பிள்ளை எழுந்துவிடுவார், என் கையில் கட்டை இருக்கிறது, எழுந்ததும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார். அதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டது. கட்டை நனையவில்லை, அந்த மட்டும் நல்லது.

இடுப்பளவு தண்ணீர்தான். டாக்டர் பேன்ட்டோடு குதித்து அவளைத் தூக்கி வந்தார். இந்த வயதில் அவருக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ஓடி வந்து, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த மனைவியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்தார். "மச்சான், பக்கத்துலதானே நின்னீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? நான்தான் கட்டையைச் சரியா வைக்கலை போல" என்று அழுதார். நான் பரவாயில்லை மாப்பிள்ளை என்று தேற்றினேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் என் கையைப் பார்த்தார். பிறகு சக்கரம் நின்ற இடத்தில் கிடந்த மரத்தூளை, தன் குட்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

அதன் பிறகு மாப்பிள்ளை என்னிடம் பேசவில்லை. தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. ஈரத்தில் நின்றால் சளி பிடிக்கும் என்று என் வேனில் இருந்த போர்வையைக் கொடுத்தேன். அது அவளுடைய போர்வைதான். வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கோபம் ஆறும். என் தங்கையை எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடுகிறேன். பேனாவைக் கொடுங்கள். போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. ஏரியில் நிற்கிற வேனை வெளியே எடுத்ததும் வெயிலில் போட்டு விடாதீர்கள், மரம் வெடித்துவிடும். என்னுடையதையும் மழையில் நிறுத்தாதீர்கள். இரண்டையும் மாப்பிள்ளையிடமே ஒப்படைத்து விடுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் பழைய வண்டியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. நான் வெளியே வருவதற்குள் இரண்டையும் சரி செய்து வைத்திருப்பார். வந்ததும் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன். மூத்தவன் நான்தானே, முதலில் எடுக்கிற உரிமை எனக்குத்தான்.